ஒரு வாட்ச்மேன், மூன்று வாசல்கள்!

காலேஜ் படித்தவர்களுக்கு ‘பிராக்ஸி’ என்ற சொல்லை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வகுப்புக்கு வராத நண்பனின் பெயரைக் கூப்பிடும்போது, கடைசி பெஞ்சிலிருந்து குரலை மாற்றி ‘பிரசன்ட் சார்’ என்று ஒருவன் சொல்வானே, அதுதான் பிராக்ஸி. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர். வகுப்பறையில் அது திருட்டுத்தனம். கம்ப்யூட்டர் உலகத்திலோ அது காவல் வேலை.

மகனோ மருமகளோ ஐ.டி. வேலையில் இருக்கும் வீடுகளில் இந்தக் காட்சி பழகிப்போனதாக இருக்கும். ராத்திரி பதினொரு மணி. தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்கும். காதில் ஹெட்போன். ‘என் லேப்டாப்புல நல்லா ஓடுது சார், கிளவுட்ல போட்டாத்தான் ஓட மாட்டேங்குது’ என்று பாவமாக ஒரு குரல். அரை நாள் தேடிய பிறகு கிடைக்கும் காரணம் பல நேரங்களில் ஒரே ஒரு வரியாகத்தான் இருக்கும். அந்த வரியின் பெயர், பிராக்ஸி செட்டிங்.

வெறும் தொழில்நுட்பச் சமாச்சாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வங்கி ஆப் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கும், மருத்துவமனையில் லேப் ரிப்போர்ட் வராமல் நிற்பதற்கும், சில நேரம் கோடிக்கணக்கானவர்களின் விவரங்கள் வெளியே கசிவதற்கும் இதுபோன்ற ஒரு சின்ன செட்டிங் காரணமாகிவிடலாம்.

வெளியே போக ஒரே கேட்

பெரிய அபார்ட்மென்ட் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். சுற்றிலும் உயரமான மதில். ஒரே கேட், ஒரே வாட்ச்மேன். உள்ளே குடியிருப்பவர்கள் யாரும் நேராகக் கடைக்குப் போகக் கூடாது. வேண்டியதைச் சீட்டில் எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்தால், அவர் போய் வாங்கி வருவார். கடைக்காரருக்குத் தெரிவது வாட்ச்மேனின் முகம் மட்டும்தான். எந்த வீட்டுக்காரர் எப்போது எதைக் கேட்டார் என்பது வாட்ச்மேனின் நோட்டில் பதிவாகிவிடும். போகக் கூடாத கடை என்று சங்கத்தில் சொல்லி வைத்திருந்தால், அவர் அந்தப் பக்கமே போக மாட்டார்.

வங்கிகள், மருத்துவமனைகள், இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் போன்ற இடங்களில் சர்வர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாழ்கின்றன. இன்டர்நெட்டை நேரடியாகத் தொட அவற்றுக்கு அனுமதி கிடையாது. எதுவாக இருந்தாலும் பிராக்ஸி சர்வர் வழியாகத்தான்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. உலகளாவிய வலை பிறந்த ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அரி லூட்டனென், இன்டெல்லில் இருந்த கெவின் ஆல்டிஸ் இருவரும் 1994-ல் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை அளித்தார்கள். நெருப்புச் சுவருக்குள் இருப்பவர்களும் இணையத்தைப் பார்க்க வழி வேண்டும், ஒரே பக்கத்தைப் பத்துப் பேர் கேட்டால் பத்து முறை வெளியே போகாமல் ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். 1996-ல் வந்த ‘ஸ்க்விட்’ என்ற இலவச மென்பொருள் இன்றும் பல அலுவலகங்களில் அந்த வாட்ச்மேன் வேலையைப் பார்க்கிறது.

வாட்ச்மேன் இருக்கிறார், சரி. ‘வெளியே எதுவும் வேண்டுமென்றால் அவரிடம் கொடு’ என்று உள்ளே இருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் யார் சொல்வது? அதற்கு மூன்று அறிவிப்புகள் வழக்கத்தில் உள்ளன. ‘ஹெச்டிடிபி பிராக்ஸி’ என்பது சாதாரண இணைய முகவரிகளுக்கு. ‘ஹெச்டிடிபிஎஸ் பிராக்ஸி’ என்பது பூட்டுப் போட்ட, பாதுகாப்பான முகவரிகளுக்கு. ‘நோ பிராக்ஸி’ என்பது வாட்ச்மேனிடம் போகவே கூடாத முகவரிகளின் பட்டியல். புரோகிராம் ஓடத் தொடங்கும்போது அதன் சுற்றுச்சூழலில் இந்த மூன்றையும் எழுதி வைப்பார்கள். சமையலறைச் சுவரில் பால்காரர் நம்பரை ஒட்டி வைப்பதுபோல.

இங்கேயே முதல் வழுக்கல் இருக்கிறது. ‘ஹெச்டிடிபிஎஸ் பிராக்ஸி’ என்று பெயர் இருப்பதால், அதற்கு எதிரே எழுதும் முகவரியும் ஹெச்டிடிபிஎஸ் என்றே தொடங்க வேண்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது வெறும் ஹெச்டிடிபி முகவரிதான். பெயரில் உள்ள ‘எஸ்’ போகும் இடத்தைக் குறிக்கிறது, வாட்ச்மேனை அல்ல. பூட்டிய பயணத்துக்கு வாட்ச்மேன் ஒரு பாதையை மட்டும் திறந்துவிடுகிறார். ஒட்டிய கவருக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எந்த முகவரிக்குப் போகிறது என்பது மட்டும் தெரியும்.

பெட்டி வந்த கதை

கன்டெய்னர் என்றதும் துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கும் இரும்புப் பெட்டிகள் நினைவுக்கு வரும். அதே பெட்டிதான் இங்கும் முன்மாதிரி. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளோடு புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை அது. அதுவரை மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றிய சரக்கு, ஒரே அளவுப் பெட்டிக்குள் போனது. லாரி, ரயில், கப்பல் எதில் வேண்டுமானாலும் பெட்டியைப் பிரிக்காமல் மாற்றலாம்.

மென்பொருளுக்கும் அப்படி ஒரு பெட்டி வேண்டும் என்ற தேடலில் 2013-ல் ‘டாக்கர்’ பிரபலமானது. புரோகிராம், அதற்குத் தேவையான துணைப் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டால், லேப்டாப்பிலும் ஓடும், கிளவுடிலும் ஓடும். 2014-ல் கூகுள் ‘குபர்நெட்டிஸ்’ என்ற மென்பொருளை அறிமுகம் செய்தது. கிரேக்க மொழியில் அதற்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். ஆயிரக்கணக்கான பெட்டிகளை எந்தக் கப்பலில் ஏற்றுவது, எது பழுதானால் எதை மாற்றுவது என்று பார்த்துக்கொள்ளும் மாலுமி அது.

ஆனால், எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் பெட்டி ஒன்றுதான் என்றாலும், துறைமுகத்தின் கேட் ஒன்றல்ல. லேப்டாப் வீட்டு வை-ஃபையில் நேராக வெளியே போகும். அலுவலகத்தின் கிளவுடில் வாட்ச்மேன் நிற்கிறார். ‘அங்கே ஓடியது, இங்கே ஓடவில்லை’ என்ற புலம்பல் பல நேரம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மூவரிடமும் தனித்தனியாக

கல்யாண வீட்டில் பாத்திரம் கொண்டு வருபவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர், பரிமாறுபவர் ஒருவர். ‘பின்வாசல் வழியாக வாருங்கள்’ என்று பாத்திரக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு, மற்ற இருவருக்கும் தானாகத் தெரிந்துவிடும் என்று இருந்தால் பந்தி நேரத்தில் குழப்பம்தான்.

கன்டெய்னர் கதையிலும் மூன்று வேளைகளில் இணையம் தேவைப்படுகிறது. முதலாவது, தயாராக இருக்கும் அடிப்படை இமேஜை இறக்குவது. இதைச் செய்வது, பின்னணியில் ஓடும் டாக்கர் சேவை. பொறியாளர் தன் திரையில் பிராக்ஸி முகவரியைத் தட்டிவைத்தால் அது அந்தத் திரைக்கு மட்டுமே தெரியும். பின்னணிச் சேவைக்குத் தெரியாது. அதன் அமைப்புக் கோப்பில் தனியாக எழுதி, சேவையை ஒருமுறை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, அந்த இமேஜின் மேல் சொந்தப் புரோகிராமைச் சேர்த்துப் புது இமேஜ் கட்டுவது. அப்போது பல நூலகத் தொகுப்புகள் இணையத்திலிருந்து வர வேண்டும். கட்டும் நேரத்துக்கு மட்டும் என்று பிராக்ஸி முகவரியைக் கொடுக்கும் வசதி டாக்கரிலேயே இருக்கிறது.

மூன்றாவது, கட்டி முடித்த கன்டெய்னர் ஓடும்போது. பணம் செலுத்தும் சேவையையோ, எஸ்.எம்.எஸ். அனுப்பும் சேவையையோ அது அழைக்க வேண்டியிருக்கும். அதற்கும் வழி சொல்ல வேண்டும்.

ஒரு வாசலைச் சரிசெய்துவிட்டு மற்ற இரண்டை மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்று பார்த்தாலே, எந்த வாசல் மூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இமேஜே இறங்கவில்லை என்றால் முதல் வாசல். கட்டும்போது பாதியில் நின்றால் இரண்டாவது. எல்லாம் முடிந்து, ஓடத் தொடங்கிய பிறகு வெளியே பேச முடியவில்லை என்றால் மூன்றாவது.

இன்னொன்று. புரோகிராம் தன் சூழலைத் தொடங்கும்போதுதான் வாங்கிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்கு வெளியே செட்டிங்கை மாற்றினால் உள்ளே எதுவும் மாறாது. பழையதை நிறுத்திப் புதிதாக உருவாக்க வேண்டும். ‘மாத்திட்டேனே, ஏன் இன்னும் வரல?’ என்று திரையை முறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மொழிக்கு மொழி பழக்கமும் மாறும். பைத்தானின் பிரபலமான தொகுப்புகள், கோ மொழி ஆகியவை இந்த அறிவிப்புகளைத் தாமாகவே படித்துக்கொள்ளும். ஜாவா படிக்காது. அதற்குத் தனியாக, அதன் பாணியில் சொல்ல வேண்டும். விலக்குப் பட்டியலில்கூட மற்றவை கமா போட்டுப் பிரிக்கும் இடத்தில் ஜாவா செங்குத்துக் கோடு கேட்கும். பத்துப் பேர் உள்ள கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாத காபி போடுவதுபோல, அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்குப் போக வாட்ச்மேன் எதற்கு?

மூன்று அறிவிப்புகளில் மிக அதிகமாகச் சொதப்புவது மூன்றாவதுதான். அதாவது ‘நோ பிராக்ஸி’ பட்டியல்.

அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கடன் வாங்க, வாட்ச்மேனிடம் சீட்டு கொடுப்பார்களா? கதவைத் தட்டினால் போதும். கன்டெய்னர்களும் அப்படித்தான். ஆர்டர் எடுக்கும் கன்டெய்னர், கணக்குப் பார்க்கும் கன்டெய்னரோடு உள்ளுக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ளூர் முகவரிகளைச் சேர்க்காவிட்டால், பக்கத்து வீட்டுக் கோரிக்கையும் கேட்டுக்குப் போகும். வாட்ச்மேனோ வெளியூர்க் கடைகளை மட்டுமே அறிந்தவர். ‘அப்படி ஒரு முகவரியே இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அதனால் பட்டியலில் முதலில் தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரி இருக்க வேண்டும். குபர்நெட்டிஸ் என்றால் அதன் உள் சேவைகளின் பெயர்கள், உள் முகவரி எல்லைகள் எல்லாம் சேர வேண்டும். குபர்நெட்டிஸை நிறுவ உதவும் ‘குபேஅட்மின்’ கருவி, சேவைகளுக்கு இயல்பாக ஒதுக்குவது 10.96.0.0/12 என்ற எல்லை. அந்தச் சின்ன எழுத்துக்குள் 10,48,576 முகவரிகள் அடங்கும். ஒவ்வொன்றாக எழுதினால் ஆயுள் போதாது என்பதால்தான் இந்தச் சுருக்கெழுத்து.

அந்தச் சுருக்கெழுத்தை எல்லாக் கருவிகளும் படிப்பதில்லை என்பதுதான் சிக்கல். கோ மொழிக்குப் புரியும். உலகம் முழுக்கப் பயன்படும் ‘கர்ல்’ என்ற கருவிக்கு, 2022 அக்டோபரில் வந்த 7.86.0 பதிப்பிலிருந்துதான் புரியத் தொடங்கியது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் ஒரு கருவி ஒரு மாதிரி எடுத்துக்கொள்ளும், இன்னொன்று வேறு மாதிரி. காரணம் எளிது. முப்பது வருடமாக எல்லோரும் இந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறார்களே தவிர, இப்படித்தான் எழுத வேண்டும் என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே விதி எழுதப்படவில்லை. வாய்வழி வந்த குழம்புச் செய்முறைபோல, வீட்டுக்கு வீடு உப்பு மாறுகிறது.

ஆள் மாறிய பதில்

விலக்குப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு முகவரி 169.254.169.254. பெரிய கிளவுட் நிறுவனங்களின் இயந்திரங்கள், ‘நான் யார், எனக்கு என்னென்ன அனுமதி?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் முகவரி அது. கேட்ட இயந்திரத்துக்குரிய தற்காலிகச் சாவிகளும் அங்கேயே கிடைக்கும்.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அந்த முகவரி அதன் சொந்த முகவரி. அந்தக் கேள்வியை பிராக்ஸியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? பிராக்ஸியும் ஒரு கிளவுட் இயந்திரமாக இருந்தால், தன் வாசலில் போய்க் கேட்டு, தன்னுடைய அடையாளத்தையே வாங்கி வந்து கொடுத்துவிடலாம். கடைசி பெஞ்ச் கதைதான். கூப்பிட்டது ஒருவர் பெயரை, பதில் சொன்னது வேறு ஆள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2019-ல் அமெரிக்காவின் ‘கேபிடல் ஒன்’ வங்கி அனுபவித்தது. இணையத் தாக்குதலைத் தடுக்க வாசலில் வைத்திருந்த தடுப்பு மென்பொருளின் அமைப்பில் ஓட்டை. அதை ஏமாற்றி, உள்ளே இருக்கும் அந்தச் சாவி முகவரியிடம் கேள்வி கேட்க வைத்தார் ஊடுருவியவர். கிடைத்த சாவியை வைத்து அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம்.

அதே 2019-ன் இறுதியில் அமேசான் கிளவுட், இந்த முகவரிக்குப் புது முறையைக் கொண்டுவந்தது. முதலில் டோக்கன் வாங்க வேண்டும். ‘வேறொருவருக்காகக் கேட்கிறேன்’ என்று பிராக்ஸிகள் வழக்கமாக ஒட்டும் முத்திரை இருந்தால் டோக்கன் கிடையாது. பதிலாள் மூலம் வந்து ‘நான் யார்’ என்று கேட்பவருக்குப் பதில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயரில் வந்த வினை

பிராக்ஸி வரலாற்றில் இன்னொரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்றாலும் விபரீதமானது.

வெப்சைட்டுக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையோடும் சில குறிப்புகள் வரும். பழைய ‘சி.ஜி.ஐ.’ முறையில், அந்தக் குறிப்பு ஒவ்வொன்றின் பெயருக்கும் முன்னால் ‘ஹெச்டிடிபி’ என்று சேர்த்து, பெரிய எழுத்தில் மாற்றி, புரோகிராமின் சூழலில் எழுதி வைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், வெளியிலிருந்து வரும் ஒருவன் ‘பிராக்ஸி’ என்ற பெயரில் ஒரு குறிப்பை அனுப்பினால்? அது ‘ஹெச்டிடிபி பிராக்ஸி’ என்று ஆகிவிடும். வாட்ச்மேன் யார் என்று சொல்லும் அதே அறிவிப்பு! முகம் தெரியாத ஒருவன், ‘இனிமேல் நான்தான் உங்கள் வாட்ச்மேன்’ என்று சுவரில் எழுதிவிட்டுப் போவதுபோல. உள்ளே இருந்து வெளியே போகும் சீட்டுகள் அவன் கைக்குப் போகத் தொடங்கும்.

2001-லேயே பெர்ல் மொழித் தொகுப்பிலும் கர்ல் கருவியிலும் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். ஆனால், மற்றவர்களின் காதுக்கு அது போய்ச் சேரவில்லை. 15 ஆண்டுகள் கழித்து 2016 ஜூலையில், பி.ஹெச்.பி., கோ, பைத்தான் என்று பல இடங்களில் அதே ஓட்டை இருப்பது வெளியானது. ‘ஹெச்டிடிபாக்ஸி’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். தீர்வு மிகச் சுலபம். வாசலிலேயே அந்த ஒரு குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். கர்ல் இன்றும் இந்த ஒரு பெயரைச் சிறிய எழுத்தில் எழுதினால்தான் மதிக்கும், பெரிய எழுத்தில் எழுதினால் கண்டுகொள்ளாது. காரணம் தெரியாதவர்களுக்கு அது வீம்பாகத் தோன்றும். தெரிந்தவர்களுக்கு அது பழைய காயத்தின் தழும்பு.

சாவியைச் சுவரில் எழுதலாமா?

சில வாட்ச்மேன்கள் பாஸ்வேர்டு கேட்பார்கள். அவசரத்தில் அந்த பாஸ்வேர்டை, இமேஜ் கட்டும் குறிப்பிலேயே நிரந்தரமாக எழுதிவிடுபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் அது இமேஜோடு ஒட்டிக்கொண்டு போகும். அந்த இமேஜ் யார் கைக்கெல்லாம் போகிறதோ அவர்கள் எல்லோரும் படிக்கலாம். வீட்டுச் சாவியை வாசல் கோலத்துக்கு நடுவே வைப்பதற்கு இது சமம். கட்டும் நேரத்துக்கு மட்டும் கொடுப்பதும், ஓடும் நேரத்தில் ரகசியப் பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதும்தான் சரியான வழி. பாஸ்வேர்டில் ‘அட்’ குறி இருந்தால் முகவரியில் அதை அப்படியே எழுதக் கூடாது, சதவீதக் குறி போட்டு 40 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்வேர்டு எங்கே முடிகிறது, முகவரி எங்கே தொடங்குகிறது என்று கருவி குழம்பிவிடும்.

போனிலும் இருக்கிறார் வாட்ச்மேன்

கன்டெய்னரோடு சம்பந்தமே இல்லாதவர்களின் கைக்குள்ளும் இதே செட்டிங் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் வை-ஃபை இணைப்பின் கூடுதல் அமைப்புகளில் ‘பிராக்ஸி’ என்று ஒரு வரி இருக்கும். ஐபோனில் வை-ஃபை பெயருக்கு அருகில் உள்ள குறியைத் தொட்டால், கீழே தென்படும். வீட்டு வை-ஃபைக்கு அது ‘இல்லை’ அல்லது ‘ஆஃப்’ என்று இருப்பதுதான் இயல்பு. ஆண்ட்ராய்டில் கையால் அமைக்கும் பகுதியைத் திறந்தால், விலக்கு முகவரிகளுக்கும் ஓர் இடம் இருக்கும். அதே ‘நோ பிராக்ஸி’ தம்பிதான்.

‘இதை மாற்றினால் இலவச இன்டர்நெட்’, ‘இந்த பிராக்ஸியைப் போட்டால் தடை செய்த படம் பார்க்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் யோசனைகளை நம்பி அங்கே எதையாவது எழுதுவது, ஊர் பேர் தெரியாத ஒருவரை வாட்ச்மேனாக வைப்பதுதான். பூட்டிய இணைப்பின் உள்ளே அவரால் பார்க்க முடியாது என்றாலும், எந்தெந்தத் தளத்துக்கு எப்போது போனீர்கள் என்பது அவருக்குத் தெரியும். கூடவே ‘இந்தச் சான்றிதழையும் நிறுவுங்கள்’ என்று கேட்டால் உஷார். அதை ஏற்றுக்கொண்டால் பல இணைப்புகளில் பூட்டைத் திறக்கும் சாவியையும் கொடுத்ததாகிவிடும். அலுவலகம் தன் இயந்திரங்களில் காரணத்தோடு செய்யும் வேலை அது. முன்பின் தெரியாதவர் கேட்கக் கூடாத உரிமை.

ராத்திரி பதினொரு மணிக்குத் தட்டு ஆறும் வீடுகளில் அம்மாக்கள் கேட்பதுண்டு, ‘அப்படி என்னதான்டா பண்றே இவ்வளவு நேரம்?’ என்று. பதில் சொல்லத் தெரியாமல் பிள்ளைகள் ‘சர்வர் பிராப்ளம்மா’ என்று முடித்துவிடுவார்கள். அடுத்த முறை கேட்கும்போது, ‘வாட்ச்மேனைச் சமையல்காரருக்கு அறிமுகப்படுத்த மறந்துட்டேம்மா’ என்று சொல்லிப் பார்க்கலாம். அம்மாவுக்கும் புரியும். தோசையும் இன்னொன்று சூடாக வரும்.